பிரார்த்தனைக்கு நடுவே ஒரு பஸ் தரிப்பிடம்

செபம் சொல்ல முழங்காலில் நின்றால் போதும், உலகத்தில் உள்ள அத்தனையும் எனக்கு ஞாபகம் வந்துவிடும். குளியலறை வாளியின் உடைந்த பிடி, அலுவலகத்தில் அனுப்ப மறந்த மின்னஞ்சல், பள்ளிக்கூடத்தில் என்னோடு சண்டை பிடித்த ஒருத்திக்கு அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய அருமையான பதில். 'எங்கள் பிதாவே' என்று தொடங்குவேன். நாக்கு தினமும் ஓடும் பஸ்ஸைப் போலத் தன்பாட்டில் 'ஆமென்' வரை போய்ச் சேரும். நான் இடையில் எங்கேயோ இறங்கியிருப்பேன்.

செபத்தில் எனக்கு விருப்பம் இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். விருப்பம் கொஞ்சம் கூடுதல் என்றே சொல்லலாம். ஒரு காரியத்தில் பிழை இருக்கிறது என்று தெரிந்தால் அதைத் திருத்துவதற்கு வழி தேடித் தேடி நித்திரை கொள்ளாமல் இருக்கிற ஆள் நான். ஆகவே எல்லா வழியும் பார்த்தேன். கண்ணை மூடிச் செபித்தேன், நித்திரை வந்தது. கண்ணைத் திறந்து மெழுகுதிரியையே பார்த்தேன். மெழுகுதிரியைச் சுற்றிய பூச்சியைச் சுவரில் ஒரு பல்லி பார்த்துக்கொண்டிருந்தது, நான் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று எங்கள் வீட்டில் மனம் சிதறாமல் இருந்தது அந்தப் பல்லி ஒன்றுதான். மூச்சைக் கவனிக்கச் சொல்லித்தரும் செயலி ஒன்றைப் போனில் இறக்கினேன். அது சரியாக அருள் நிறைந்த மந்திரத்தின் நடுவில், இன்று நீங்கள் இன்னும் மூச்சுப் பயிற்சி செய்யவில்லை என்று மணியடித்துச் சொன்னது. போன்தான் குற்றவாளி என்று முடிவெடுத்து, செப நேரத்தில் அதை அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தேன். வாளிக்குள் அது அதிர்ந்தபோது அம்மா செபத்தைப் பாதியில் விட்டு எழுந்து தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடினார்.

"எலி உள்ளுக்குள்ள போயிட்டுது பிள்ளை, மூடியைத் திறக்காத."

"எலி இல்லை அம்மா. என்ட போன்."

அம்மா தும்புத்தடியைக் கீழே வைக்காமலே என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அன்றோடு அரிசி வாளி முறை கைவிடப்பட்டது.

கொழும்பு வெள்ளவத்தையில், ஒரு சாறிக் கடைக்கு மேல் மாடியில், விளம்பரம் எழுதித்தரும் சிறிய அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. பக்கத்து மேசையில் இருக்கும் சிநேகிதி மாளிகாவத்தைக்காரி, முஸ்லிம். அவளிடம் என் குறையைச் சொன்னபோது அவள் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"எல்லாருக்கும் அப்படித்தான்டி. எங்கட உம்மா எப்பயோ இரவல் குடுத்த சட்டி யாருட வீட்டுல ஈக்கிதுண்டு தொழுகையில நிக்கக்குள்ளதான் அவவுக்கு ஞாபகம் வரும். சலாம் குடுத்த கையோட போன எடுத்து அந்த வீட்டுக்குக் கதைப்பா."

"பிறகு?"

"பிறகென்ன, சட்டி வந்துரும்."

இப்படி நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த ஒக்டோபரில்தான் மேல்மாடி அக்காவுக்குக் கழுத்தில் கட்டி இருப்பது தெரியவந்தது.

எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில் ஓர் ஒடுங்கிய ஒழுங்கைக்குள், மாடி வீட்டின் கீழ்த்தளம். மேல்தளத்தில் அக்காவும் அவருடைய கணவரும். அக்காவுக்கு முப்பதுகளின் நடு வயது. பகலில் மொன்டிசூரியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பாடகர் குழுவை நடத்துகிறார். அவருடைய குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒழுங்கை முனையில் நின்று அவர் மீனுக்குப் பேரம் பேசினால் எங்கள் குசினிக்குள் விலை கேட்கும். மேலே அவர் பாத்திரம் கழுவிக்கொண்டு பாடினால் அம்மா கீழே வானொலியை நிறுத்திவிடுவார். கணவர் நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களக் கத்தோலிக்கர். சிங்களத்தில் அண்ணா என்று நான் அவரை அய்யே என்பேன், தங்கச்சி என்று அவர் என்னை நங்கி என்பார். அக்காவிடம் திட்டு வாங்கி வாங்கியே அவர் தமிழ் படித்தார் என்று ஒழுங்கையில் சொல்வார்கள்.

கட்டி ஆபத்தானதல்ல, ஆனால் எடுத்துவிட வேண்டும் என்று சொன்ன டொக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். அக்கா அதை மாடிப் படியில் உட்கார்ந்து, பயற்றங்காய் முறித்துக்கொண்டே எனக்குச் சொன்னார்.

"குரலுக்குப் போற நரம்பு அதுக்குப் பக்கத்தாலதான் ஓடுதாம். அனேகமா ஒண்டும் ஆகாதாம். ஆனா மாறினாலும் மாறலாமாம். போனாலும் போகலாமாம். வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி ஒரே சத்தத்தில சொல்லுறார் மனுசன்."

"அப்பிடியெல்லாம் நடக்காது அக்கா."

"நீயும் வானிலை அறிக்கைதான் வாசிக்கிறாய்."

பயற்றங்காயை முறித்த விரல்கள் கொஞ்சம் வேகமாக ஓடின. அவருக்குப் பயம் என்பதை அதில்தான் கண்டேன். குரல் போனால் அவருக்குப் பாட்டு மட்டும் போகாது. மொன்டிசூரி போகும், மீன்காரனோடு நடக்கும் சண்டை போகும், நாங்கள் அறிந்த அக்காவில் முக்கால்வாசி போய்விடும்.

ஒக்டோபர் எங்களுக்குச் செபமாலை மாதம். மாதாவின் சுரூபம் ஒவ்வொரு பின்னேரமும் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு ஊர்வலமாகப் போகும். எந்த வீட்டில் மாதா தங்குகிறாவோ அந்த வீட்டில் ஒழுங்கை முழுவதும் கூடிச் செபமாலை சொல்லும். முடிவில் மாதா பிரார்த்தனை: ஒருவர் மாதாவின் பட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அழைக்க, மற்ற எல்லோரும் ஒவ்வொரு தடவையும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்ல வேண்டும். எந்த வீடாக இருந்தாலும் பிரார்த்தனையை முன்னின்று சொல்வது அக்காதான்.

"புதன்கிழமை ஒப்பரேஷன்," என்றார் அக்கா. "செவ்வாய் பின்னேரம் மாதா உங்கட வீட்டில. இந்தமுறை நான் பின்னுக்கு இருக்கப்போறன். பிரார்த்தனையை நீ சொல்லு."

"நானா? அம்மா சொல்லுவா."

"உங்கட அம்மா குசினியில ரோல்ஸ் பொரிச்சுக்கொண்டு சொல்லுவா. நீ சொல்லு." பிறகு பயற்றங்காய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "'நோயுற்றோரின் ஆரோக்கியமே' எண்டு ஒரு இடம் வருமல்லோ. அதில மட்டும் என்னை நினை. மற்ற இடங்களில நீ எங்க வேணுமெண்டாலும் சுத்திப்போட்டு வா, எனக்கு உன்னைத் தெரியும். அந்த ஒரு இடத்தில மட்டும் ஆள் வீட்டில இருக்கோணும்."

ஓம் என்று சம்மதித்தேன். இவ்வளவு சின்ன விஷயத்தை யாரும் என்னிடம் இவ்வளவு பெரிதாகக் கேட்டதில்லை.

சும்மா சொன்னால் போதாது, புத்தகம் பார்க்காமல் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். புத்தகத்தைப் பார்த்தால் கண் எழுத்தில் இருக்கும், மனம் வெளியே போய்விடும். மனப்பாடமாக இருந்தால் கண்ணை அக்காவின் மேலேயே வைத்திருக்கலாம். நல்ல திட்டம்தான். பாடமாக்குவதற்கு நான் தேர்ந்தெடுத்த இடம்தான் பிழை. காலையில் புறக்கோட்டையில் பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போகும் நேரத்தில், காதில் எதையும் மாட்டாமல், வாய்க்குள் பிரார்த்தனையைச் சொல்லிக்கொண்டு போவேன். கோட்டையில் தொடங்கினால், காலிமுகத்திடலில் கடற்காற்று முகத்தில் அடிக்கும்போது பாதி முடிந்திருக்கும். 'விடியற்காலையின் விண்மீனே' என்ற இடத்துக்கு வரும்போது அனேகமாக ஒவ்வொரு நாளும் கொண்டக்டர் கம்பியில் தட்டிக் கத்துவார்: "கொல்லுபிட்டிய, கொல்லுபிட்டிய, பஹின்ன." கொள்ளுப்பிட்டி, இறங்குங்கள் என்று.

செவ்வாய்க்கிழமை வந்தது. முன்னறையில் கதிரைகளை ஒதுக்கிப் பாய் விரித்தோம். நீலத் துணி விரித்த மேசையில் மாதா, இரண்டு பக்கமும் அரளிப்பூ, முன்னால் மெழுகுதிரி. சனம் அறை நிறைந்து வாசல் வரை நின்றது. அய்யே வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். அவர் எப்போதும் சிங்களத்தில்தான் பதில் சொல்வார், அது எங்கள் பதிலோடு சேர்ந்து ஒரே தாளத்தில் முடியும். அக்கா கடைசி வரிசையில், சுவரோடு, முக்காட்டை இழுத்துவிட்டு இருந்தார். குசினியிலிருந்து ரோல்ஸ் பொரியும் வாசனை வந்துகொண்டே இருந்தது. நான் அதை வென்றேன். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் கிறீச்சிட்டது. அதையும் வென்றேன். பல்லி இருந்த சுவர்ப் பக்கம் நான் திரும்பவே இல்லை.

பிரார்த்தனை தொடங்கியது. வரிகள் ஒழுங்காக வந்தன. அறை முழுவதும் ஒரே குரலில் பதில் சொல்லச் சொல்ல எனக்குள் ஒரு சந்தோஷம் ஏறியது. இதோ செய்கிறேன், மனம் இங்கேயே இருக்கிறது, அந்த இடம் வரப்போகிறது, இன்னும் கொஞ்சம்தான் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கவனமாக இருக்கிறேன் என்பதிலேயே என் கவனம் முழுவதும் போய்விட்டது.

"விடியற்காலையின் விண்மீனே," என்றேன்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"கொள்ளுப்பிட்டியே," என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. மின்விசிறி ஒரு சுற்றுக் கிறீச்சிட்டது. அப்போது கடைசி வரிசையிலிருந்து அக்காவின் குரல், தொண்டை நிறைய எழுந்தது: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." உடனே முழு அறையும் சேர்ந்துகொண்டது. வாசலில் அய்யே சிங்களத்தில் அதே பதிலைச் சொல்லி முடித்தார். கொழும்பு மூன்று என்ற தபால் வட்டாரம் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்படி அத்தனை பேரும் பக்தியோடு கேட்டார்கள்.

என் நாக்கு நிற்கவில்லை. "பாவிகளின் அடைக்கலமே," என்று அடுத்ததற்குப் போய்விட்டது. அக்கா கேட்ட அந்த ஒரே வரி சொல்லப்படாமல் பின்னால் விழுந்து கிடந்தது. திரும்பிப் போய் எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பிளேன்டீயும் ரோல்ஸும் வந்தன. "நல்லாச் சொன்னாய் பிள்ளை, புத்தகமும் இல்லாம," என்று பக்கத்து வீட்டு அன்ரி கன்னத்தைத் தட்டினார். ஒருவரும் கவனிக்கவில்லை. இத்தனை நாளும் செபத்தில் அலைவது நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். அந்த அறையில் ஒவ்வொருவரும் எங்கெங்கே இருந்தார்களோ தெரியாது, வீட்டில் யாரும் இருக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். வேறொரு நாளாக இருந்தால் எனக்கு இது பெரிய ஆறுதல். அக்கா இரண்டு ரோல்ஸைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு, "நாளைக்குப் பட்டினி, இதை இப்பவே முடிக்கோணும்," என்று சொல்லி மாடிப் படியேறினார். அவர் கவனித்தாரா என்று கேட்க நினைத்து, கேட்காமல் நின்றேன். கவனித்திருந்தால் மனம் உடைந்திருப்பார். கவனிக்காவிட்டால் அந்த வரி சொல்லப்பட்டது என்று நம்பிக்கொண்டு போய்ப் படுப்பார். இரண்டில் எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் சிநேகிதியிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் தலைத்துணியின் ஊசி கழன்றது. அதைத் திரும்பக் குத்திக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒப்பரேஷன் எத்துன மணிக்கு?"

"மத்தியானத்துக்குப் பிறகு."

"அப்ப இன்னும் நேரம் ஈக்கிதே. எங்களுக்கு களா ஈக்கிதுடி. நேரத்துக்குத் தொழாம வுட்டத பொறவு தொழுவம். ஒங்களுக்கு அப்படி ஒண்டும் இல்லியா?"

இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் நல்லது என்று தோன்றியது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கொட்டாஞ்சேனைக் கோயிலுக்கே போய் மாதாவின் முன்னால் அந்த வரியைச் சொல்லிவிடுவது என்று காலி வீதிக்கு இறங்கி ஓடினேன்.

பஸ்ஸில் இருக்க இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பம்பலப்பிட்டியிலேயே வாகனங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. கோயிலுக்கு நேரத்தோடு போக மாட்டேன் என்பது தெளிவாகத் தெரிந்தது. செபிக்கத் தொடங்கினேன், வழக்கம்போல மனம் உடனே இறங்கிப் போனது. ஜன்னலால் தெரிந்த துணிக்கடைக்குள் அது புகுந்தது. போன நத்தார்ப் பண்டிகைக்கு அக்கா அந்தக் கடையில்தான் பாடகர் குழுவுக்குச் சாறி எடுத்தார். "முதலாளி, இது பத்துப் பேருக்கு. ஒராளுக்கு இல்லை," என்று அவர் சொன்னது தெருவுக்குக் கேட்டது. அங்கிருந்து மனத்தை இழுத்து வந்தால், அடுத்து அது போய் நின்றது ஒரு பாடசாலை மதிலில். சின்னப் பிள்ளைகளைப் பார்த்ததும் அக்காவின் மொன்டிசூரிப் பாட்டு. அங்கிருந்தும் இழுத்தேன். அது மீன்காரனிடம் போனது. எத்தனை கதவால் வெளியே போனாலும் அது போய்ச் சேர்ந்த இடம் அக்காவாகவே இருந்தது. பிறகு நான் இழுக்கவில்லை. சாறிக் கடையில் கேட்ட குரலைக் காப்பாற்றும் என்றேன். பிள்ளைகளுக்குப் பாடும் குரலைக் காப்பாற்றும் என்றேன். மீன்காரனுக்காகவும் கேட்டேன், எதிர்த்துப் பேச ஆளில்லாமல் அவனும் தவித்துப்போவான்.

பஸ் நகர்ந்து நகர்ந்து வந்தது. கொண்டக்டர் கம்பியில் தட்டினார்.

"கொல்லுபிட்டிய, கொல்லுபிட்டிய."

"நோயுற்றோரின் ஆரோக்கியமே," என்றேன். வாய்க்குள் சொல்ல நினைத்தது வெளியே, அதுவும் நல்ல சத்தமாக வந்துவிட்டது. முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். கொண்டக்டர் என் பக்கம் எட்டினார்.

"மிஸ் பஹினவத?" இறங்கப்போகிறீர்களா என்று கேட்டார்.

"நெஹெ," என்றேன். "பஹின்னே நெஹெ." இல்லை, இறங்கவில்லை.

கோட்டை வரும் வரைக்கும் நான் எங்கேயும் இறங்கவில்லை. அதற்கு முன்பும் பின்பும் அப்படி ஒரு செபம் எனக்கு வாய்த்ததில்லை. ஒரு கையில் கம்பி, மற்றக் கையில் பை, பின்னால் யாரோ ஒருவருடைய குடைப்பிடி முதுகில் குத்திக்கொண்டிருந்தது.

கோயிலில் பின்னேரம் வரைக்கும் இருந்துவிட்டு வெளியே வந்தேன். படியில் செருப்பை மாட்டும்போது போன் அடித்தது. அய்யே.

"நங்கி, முடிஞ்சுது. நல்லம். கண் முழிச்சிட்டா."

"குரல், அய்யே?"

"இருக்கு, இருக்கு. கரகரண்டு இருக்கு, ஆனா இருக்கு. டொக்டர் வந்து ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுங்க எண்டு கேட்டார். இவ கொள்ளுப்பிட்டியே எண்டு சொல்லுறா."

போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

"நர்ஸ் என்னைக் கேக்கிறா, வீடு கொள்ளுப்பிட்டியிலயா எண்டு. நான் சொன்னன் இல்லை, கொட்டாஞ்சேனை எண்டு. மயக்கம் தெளியேல்ல போல எண்டு டொக்டர் திரும்பவும் கேட்டார். இவ திரும்பவும் கொள்ளுப்பிட்டியே எண்டு சொல்லிப்போட்டுச் சிரிக்கிறா. ஏன் நங்கி கொள்ளுப்பிட்டி? அங்க என்ன இருக்கு?"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்," என்றேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் அவருக்கு அது விளங்கியிருக்காது.

அக்கா வீட்டுக்கு வந்த பிறகு, கழுத்தில் ஒட்டிய பிளாஸ்டரோடு தலையணையில் சாய்ந்திருந்தவரிடம் கேட்டேன்: "பிழை எண்டு தெரிஞ்சுகொண்டே ஏன் அக்கா பதில் சொன்னீங்க?"

"பாடேக்க ஒருத்தி சுருதி விட்டா நான் பாட்டை நிப்பாட்டுறதில்லை. சத்தத்தைக் கூட்டுவன். நிப்பாட்டினா அவள் அதோட போயிருவாள்." மணற்கடதாசியால் உரசுவது போன்ற குரல். கொஞ்ச மாதத்தில் தெளிந்துவிடும் என்று டொக்டர் சொல்லியிருந்தாராம், இந்தமுறை வானிலை அறிக்கை மாதிரி இல்லாமல். "நீ விட்ட வரியை நான் மனசுக்குள்ள சொல்லிட்டன். வேற ஆர் சொல்லுறது, நீதான் பஸ்ஸில போயிட்டியே."

"நான் பிறகு சொன்னனான்."

"எங்க வைச்சு?"

சொன்னேன். அவர் சிரிக்கக் கூடாது என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மாதக் கடைசிப் பின்னேரம் மாதாவின் சுரூபம் அக்கா வீட்டுக்கு வந்தது. அதற்குள் அய்யே முழுக் கதையையும் கண்டுபிடித்து ஒழுங்கை முனை வரைக்கும் சொல்லி முடித்திருந்தார். பிரார்த்தனையை நான்தான் சொல்ல வேண்டும் என்று எல்லோரும் ஒரே பிடியாக நின்றார்கள். இந்தமுறை புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். தொடங்கியதிலிருந்தே அறையில் ஒரு இருமல் இல்லை. அன்ரிமார் என் வாயையே பார்த்தார்கள். அம்மா அடுப்பை நிறுத்திவிட்டு வந்து முன்வரிசையில் இருந்தார். அய்யே வாசல் நிலையை விட்டு உள்ளே வந்திருந்தார். நான் எந்த வரியில் எந்தத் தரிப்பிடத்தில் நிற்பேன் என்று பார்க்க ஒவ்வொருவரும் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் அவ்வளவு கவனமாக ஒரு பிரார்த்தனை நடந்ததை நான் கண்டதில்லை.

"விடியற்காலையின் விண்மீனே," என்றேன்.

பதில் வந்தது. பிறகு எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசி வரிசையில் சுவரோடு இருந்த அக்காவை நான் பார்த்தேன். புத்தகம் தேவைப்படவில்லை.

"நோயுற்றோரின் ஆரோக்கியமே."

முதலில் அவருடைய கரகரத்த குரல்தான் எழுந்தது. மற்றவர்கள் அதற்குப் பின்னால் வந்தார்கள்.